எந்தத் துறை எடுப்பது?

மருத்துவக் கல்லூரியில் ஒருவனுக்கு இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி ஊரில் பரவியதும், அவனை நோக்கி வரும் முதற் கேள்வி, "என்ன டாக்டர் ஆகப்போகிறாய்?" என்பதே. வெறும் டாக்டர் என்று சொன்னால் போதாது. கண் டாக்டரா, குழந்தை டாக்டரா, இருதய டாக்டரா என்று அன்றைக்கே சொல்லியாக வேண்டும். கோலார் தங்க வயலில் எங்கள் லைன் வீட்டுத் திண்ணையில் என் ஆயா கேட்ட கேள்வி இன்னும் எளியது: "ஏம்பா, நீ ஊசி போட்ற டாக்டரா, அறுக்கிற டாக்டரா?" நான் சிரித்துவிட்டேன். பின்னர் மருத்துவ வரலாற்றைப் புரட்டியபோதுதான் சிரித்தது தவறு என்று தெரிந்தது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நிலவிய பிரிவு அதுவேதான். மருந்து கொடுப்பவர் ஒரு சாதி. கத்தி எடுப்பவர் வேறு சாதி. இலண்டனில் அறுவை மருத்துவர்கள் 1540 முதல் 1745 வரை முடி திருத்துவோருடன் ஒரே சங்கத்தில் இருந்தனர். இன்று அறுவைத் துறைக்கு இருக்கும் மதிப்பைப் பார்ப்பவர் இதை நம்பமாட்டார். துறைகளின் மதிப்பு நிலையானதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் சங்கத்தில் மருத்துவம் பயிலும் இளைய நண்பர்கள் சிலர், மேற்படிப்புத் துறையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியே சொன்னதை இங்கே தொகுத்து எழுதுகிறேன். நான் பேராசிரியன் அல்லன். அண்மையில் அந்த ஆற்றைக் கடந்தவன், கால் எங்கே வழுக்கிற்று என்று சொல்லக்கூடியவன், அவ்வளவே.

முதலில் கணக்கு. எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு. அதன்மேல் ஹவுஸ் சர்ஜனாக ஓராண்டு. பிறகு நீட் முதுநிலைத் தேர்வு. அதில் பெறும் தர வரிசையைக் கொண்டு எம்.டி. அல்லது எம்.எஸ். மூன்றாண்டு. அதற்கும் மேலே இருதயம், மூளை நரம்பு, சிறுநீரகம் என்று செல்ல விரும்பினால் இன்னும் மூன்றாண்டு. பதினெட்டு வயதில் உள்ளே நுழைந்தவன், இடையே ஓராண்டும் வீணாகாமல் சென்றாலும், முப்பதை எட்டித்தான் வெளியே வருகிறான். இத்தனை நீண்ட பயணத்தின் திசையைத் தீர்மானிப்பது எது? கவுன்சலிங் நடக்கும் சில நாட்களில், தூக்கமில்லாத கண்களோடு கணிப்பொறியின்முன் அமர்ந்து நாம் வரிசைப்படுத்தும் ஒரு பட்டியல்!

அந்தப் பட்டியலை எதைக் கொண்டு வரிசைப்படுத்துகிறோம்? விடுதியில் கேட்டுப் பாருங்கள். பணம் என்பான் ஒருவன். இரவு டியூட்டி இல்லாத துறை என்பான் இன்னொருவன். மாமனார் மருத்துவமனை வைத்திருக்கிறார், அங்கே எலும்பு டாக்டர் இல்லை என்பான் மூன்றாமவன். பெண்களிடமோ கேட்கவே விடமாட்டார்கள். குடும்பத்துக்கு ஏற்றது மகப்பேறு அல்லது தோல் என்று வீட்டார் முன்பே முடிவு செய்திருப்பார்கள். மகப்பேற்று வார்டில் ஒரே ஓர் இரவு விழித்திருந்தவர் எவரும் அதைக் குடும்பத்துக்கு ஏற்ற துறை என்று சொல்லத் துணியமாட்டார். ஆயினும் சொல்கிறார்கள்.

ஓய்வை நாடுவது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கமன்று. தன் நேரம் தன் கையில் இருக்கும் துறைகளை நோக்கி மாணவர் நகர்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களின் இறுதியிலேயே எழுதினர். எக்ஸ்-ரே, கண், மயக்க மருந்து, தோல் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து, இன்ப வாழ்வுக்குச் செல்லும் 'ரோடு' என்று அங்கே கேலியாகச் சொல்வார்கள். நம் நாட்டிலும் முதல் சில ஆயிரம் தரத்தில் வருவோர் பெரும்பாலும் கதிரியல், பொது மருத்துவம், தோல் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். மறுபுறம் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல், சமூக மருத்துவம் போன்ற துறைகளின் இடங்கள் காற்று வாங்குகின்றன. 2021ஆம் ஆண்டுச் சேர்க்கையில் 1,456 முதுநிலை இடங்கள் நிரம்பாமலே போயின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2023இல் தகுதி மதிப்பெண்ணைப் பூஜ்ய பர்சன்டைல் வரை இறக்கினார்கள். தேர்வு எழுதியவர் எல்லாரும் தகுதியுடையவர் என்றே அதற்குப் பொருள். இடம் இல்லாமல் ஒரு கூட்டம் ஏங்க, ஆள் இல்லாமல் இடங்கள் ஏங்கும் வேடிக்கையை வேறெங்கே காண்போம்?

பணத்தையும் ஓய்வையும் நான் இகழமாட்டேன். பசித்த வீட்டிலிருந்து வந்தவன் பணத்தை இகழ்வது பொய். ஆனால் அவை இரண்டையும் மட்டும் வைத்துத் தேர்ந்தால், துறை என்பது என்ன என்பதையே அறியாமல் தேர்ந்தவர்கள் ஆவோம். துறை என்றதும் உடலின் ஓர் உறுப்பை நினைத்துக்கொள்கிறோம். கண், காது, எலும்பு என்று உடம்பைப் பங்கு போட்டுக்கொண்டது போல ஓர் எண்ணம். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது எங்கள் ஊர்த் தூசி. அதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

கோலார் தங்க வயலில் 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து சேர்ந்தனர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து நம் மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று பூமிக்குள் இறங்கினர். 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும், 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமும் பொறுப்பேற்று, 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. ஏறத்தாழ 800 டன் தங்கம் அங்கிருந்து வெளியே சென்றது என்பர். உள்ளே சென்றது எது என்பதைப் பற்றிப் பேசுவார் குறைவு.

தங்கம் குவார்ட்ஸ் என்னும் வெண்கல்லோடு கலந்து கிடப்பது. அந்தக் கல்லைத் துளைக்கும்போதும், வெடி வைக்கும்போதும், உடைக்கும்போதும் சிலிக்காத் தூசி எழுகிறது. கண்ணுக்குத் தெரியும் பெருந்தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கி, சளியாக வெளியே வந்துவிடும். அதனால் தீங்கு சிறிது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கி அதில் ஐந்து கூறுக்கும் குறைந்த அளவுள்ள நுண்தூசிதான் நுரையீரலின் கடைசிச் சிற்றறைவரை செல்கிறது. அங்கே அயல்பொருளை விழுங்கிக் காவல் காக்கும் அணுக்கள் உண்டு. அவை தூசியை விழுங்குகின்றன, விழுங்கியதும் சாகின்றன, சாகும்போது தம்முள்ளிருந்த பொருள்களையும் தூசியையும் வெளியே கொட்டிவிடுகின்றன. மறுபடி வேறோர் அணு விழுங்குகிறது, அதுவும் சாகிறது. இச்சண்டை நடக்கும் இடமெல்லாம் தழும்பு விழுகிறது. பஞ்சு போன்ற நுரையீரல் சிறு சிறு கல்லுருண்டைகளாக இறுகுகிறது. இதுவே சிலிக்கோசிஸ். சுரங்கத்தைவிட்டு வெளியே வந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் இது வளரக்கூடியது. ஏனெனில் தூசி உள்ளேயே இருக்கிறது. தழும்பை நீக்கும் மருந்து இன்றும் இல்லை. போதாக்குறைக்குக் காசநோய்க் கிருமியை எதிர்க்கும் வலிமையையும் இது குறைத்துவிடுகிறது. இரண்டு நோயும் சேர்ந்து வருவதும் உண்டு. ஒன்றை மற்றொன்றாக எண்ணி ஏமாறுவதும் உண்டு.

இப்போது, எங்கள் லைன் வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் ஒரு பழைய சுரங்கத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவர் ஒருவரே. நோய் ஒன்றே. உறுப்பும் ஒன்றே. ஆனால் அவரைச் சுற்றி எத்தனை துறைகள் நிற்கின்றன என்று பாருங்கள்.

கதிரியல் மருத்துவர் அவர் முகத்தைப் பார்ப்பதேயில்லை. மார்புப் படத்தைப் பார்க்கிறார். நுரையீரலின் மேற்பாகத்தில் தினை அளவு வட்ட நிழல்கள். நெஞ்சின் நடுவிலுள்ள நிணநீர்க் கட்டிகளைச் சுற்றி முட்டை ஓடு போன்ற சுண்ணாம்பு வளையம். சர்வதேசத் தொழிலமைப்பு வெளியிட்டுள்ள மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு, இன்ன அளவு, இன்ன நெருக்கம் என்று வகை குறிக்கிறார். இவ்வகைப்படுத்தலுக்கு வழி கோலியது 1930இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் கூடிய சிலிக்கோசிஸ் மாநாடு. அதுவும் தங்கச் சுரங்க நகரம் என்பதைக் கவனியுங்கள். கதிரியலார் கேட்கும் கேள்வி, "இந்த நிழல் எதனுடைய நிழல்?" என்பது.

நோய்க்குறியியலார் திசுவை வெட்டி நுண்ணோக்கியில் வைக்கிறார். வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தது போல வளையத்துக்குள் வளையமாகத் தழும்பு. ஒளியை ஒரு தளத்தில் மட்டும் அதிரும்படி செலுத்தினால் உள்ளே தூசித் துகள்கள் மினுக்குகின்றன. எப்போதோ பாறையில் இருந்த கல் அவர் கண்முன் இருக்கிறது. அவர் கேள்வி, "இஃது எவ்வாறு உண்டாயிற்று?"

அறுவை மருத்துவர், "எங்கே வெட்டினால் தீரும்?" என்று கேட்பவர். இந்நோயில் நுரையீரலையே மாற்றினாலன்றி அவருக்கு வேலை இல்லை. ஆனால் இருமி இருமி அடிவயிற்றில் குடல் இறங்கிவிட்ட தொழிலாளியை அவர்தான் பார்க்கவேண்டும். அப்போது மயக்க மருந்து மருத்துவர், "இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு இவரை உறங்கவைத்து மீண்டும் எழுப்பமுடியுமா?" என்று கவலைப்படுகிறார். அந்தக் கவலையே அவருடைய துறை.

மார்பு நோய் மருத்துவர் மனிதரைப் பார்க்கிறார். மூச்சு எத்தனை அடி நடந்தால் வாங்குகிறது? சளியில் காசக் கிருமி உண்டா, இல்லையா? உயிர்வாயு வீட்டில் வேண்டுமா? "இவர் நாளை எப்படி நடப்பார்?" என்பது அவர் கேள்வி.

சமூக மருத்துவர் அந்த ஒருவரைப் பார்த்ததும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார். "இன்னும் எத்தனை பேர்? ஏன் இவர்களுக்கு மட்டும்?" 1940களில் எங்கள் சுரங்கத்தில் 7,000க்கு மேற்பட்ட தொழிலாளரைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 40 பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்தது. 1947இல் அம்முடிவு வெளிவந்தது. இந்தியாவில் இந்நோய் இருப்பதை முதலில் உலகுக்குக் காட்டியது கோலார்தான் என்று இன்றும் பாட நூல்களில் ஒரு வரி வருகிறது. வகுப்பில் அந்த வரியைப் பேராசிரியர் வாசித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பக்கத்து நண்பன் அதைத் தேர்வுக்கு வரக்கூடிய வரி என்று அடிக்கோடிட்டான். எனக்கோ அந்த நாற்பது பேரில் என் தாத்தா இருந்தாரா என்ற எண்ணம். தூசி எழாதபடி நீர் பாய்ச்சித் துளைத்தல், காற்றோட்டம், பணியாளர்க்கு ஆண்டுதோறும் பரிசோதனை என்பவையெல்லாம் எண்ணிக்கை கேட்டவர்களின் கேள்வியிலிருந்து பிறந்தவை. மருந்து கொடுத்தவர்களின் கேள்வியிலிருந்து பிறந்தவை அல்ல. தென்னாப்பிரிக்காவில் தங்கச் சுரங்கத் தொழிலாளர் கூட்டாக வழக்காடி 2018இல் கம்பெனிகளோடு இழப்பீட்டு உடன்பாடு கண்டபோதும், யாருக்கு எவ்வளவு நோய் என்று சான்று கூறும் மருத்துவர் தேவைப்பட்டார்.

ஆக, துறை என்பது உறுப்பன்று. அது ஒரு கேள்வி. ஒரே தூசியைப் பார்த்து ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கேட்கிறார்கள். இவற்றுள் எந்தக் கேள்வி உங்களை இரவில் தூங்கவிடாமல் செய்கிறது? அதை அறிவதற்கே ஹவுஸ் சர்ஜன் ஆண்டு. ஆனால் நாம் அந்த ஆண்டை எப்படிக் கழிக்கிறோம்? நீட் புத்தகத்தை வெள்ளங்கியின் பைக்குள் மறைத்துக்கொண்டு, இரத்தம் எடுப்பதும் ரிப்போர்ட் வாங்க ஓடுவதுமாய்க் கழிக்கிறோம். எந்தத் துறையில் போய் விழப்போகிறோம் என்பதற்கான தேர்வுக்குப் படிப்பதில், அந்தத் துறையைப் பார்க்கும் வாய்ப்பை இழந்துவிடுகிறோம்.

ஓர் எச்சரிக்கை. நல்ல ஆசிரியர் ஒருவர் வாய்த்தால் அவருடைய துறையே உலகில் சிறந்தது என்று தோன்றும். நான் இரண்டாம் ஆண்டில் மருந்தியலுக்கே வாழ்நாளை ஒப்படைப்பது என்று தீர்மானித்திருந்தேன். அந்த ஆசிரியர் மாறுதலில் சென்ற மறுமாதமே என் மருந்தியல் பற்றும் மாறுதலாகிச் சென்றுவிட்டது. ஆசிரியர்மேல் உள்ள அன்பு வேறு. துறைமேல் உள்ள அன்பு வேறு.

இன்னொன்று. எல்லாத் துறையும் அதன் உச்சியில் அழகாகத்தான் இருக்கும். மூளையைத் திறந்து கட்டியை எடுக்கும் காட்சியைப் பார்த்து மயங்காதவர் யார்? ஆனால் நாம் வாழப்போவது உச்சியில் அன்று, அன்றாடத்தில். தோல் மருத்துவரின் அன்றாடம் சொறியும் படர்தாமரையும். கதிரியலாரின் அன்றாடம் இருட்டறையில் வரிசையாக வரும் மார்புப் படங்கள். குழந்தை மருத்துவரின் அன்றாடம் மூக்கொழுகலும், அழும் குழந்தையைவிட அதிகமாய் அழும் தாயும். அறுவைத் துறையின் அன்றாடத்தை நான் சுவைத்தேன். வயிற்றைத் திறந்தபின் ஓரத்தைக் கொக்கியால் இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றேன். அரைமணிக்கு ஒருமுறை என் கண் சுவர்க் கடிகாரத்துக்குச் சென்றது. எதிரே அதே கொக்கியின் மறுபக்கத்தைப் பிடித்திருந்த என் தோழி கடிகாரம் இருப்பதையே அறியவில்லை. அவள் இன்று அறுவைத் துறையில் இருக்கிறாள். எந்தத் துறையின் சலிப்பைத் தாங்க முடிகிறதோ அதை எடுங்கள் என்பேன். அதன் பெருமையை யாரும் தாங்குவார்கள்.

பெரியவர்கள் எப்படித் தேர்ந்தார்கள்? நம் பக்கத்திலேயே நல்ல சான்றுகள் உண்டு. பால் பிராண்ட் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர், பாதிரியாரின் மகன். மருத்துவம் பிடிக்காமல் முதலில் தச்சும் கொத்தும் கற்றார். பிறகு மனம் மாறி அறுவை மருத்துவரானார். 1946இல் வேலூருக்கு வந்தவர், 1947இல் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். மடங்கிப்போன கையுடைய நோயாளி ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து இறுக்கச் சொன்னார். பிடி, வலிக்குமளவுக்கு இருந்தது. கை செத்துவிடவில்லை, சில தசைகள் மட்டுமே செயலிழந்திருந்தன! ஏன் ஒருவரும் இதைச் செப்பனிடவில்லை என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. நல்ல தசைநாரை இடம் மாற்றிக் கட்டும் அறுவை அங்கிருந்து வளர்ந்தது. தச்சுப் பட்டறையில் கழித்த ஆண்டுகள் வீணாயினவா என்ன?

மேரி வர்கீஸ் அதே வேலூரில் மகப்பேற்று மருத்துவராக வரவிருந்தவர். 1954 ஜனவரியில் ஒரு வண்டி விபத்தில் முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனார். நின்றுகொண்டு செய்யும் வேலை முடிந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின் அயல்நாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று, 1963இல் திரும்பி வந்து அத்துறையை வேலூரில் நடத்தினார். துறை அவரைத் தேர்ந்தெடுத்தது என்றுதான் சொல்லவேண்டும்.

டாக்டர் சாந்தாவின் கதை வேறு வகை. அவரும் மகப்பேற்றில் எம்.டி. பெற்றவர், ஆண்டு 1955. அரசின் மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் வேலை காத்திருந்தது. அதை விட்டுவிட்டு, முத்துலட்சுமி ரெட்டி அதற்கு முந்திய ஆண்டு அடையாற்றில் தொடங்கியிருந்த புற்றுநோய் நிலையத்துக்குச் சென்றார். அன்று அந்த நிலையம் ஒரு சிறு மருத்துவமனை. 2021இல் மறையும்வரை அங்கேயே இருந்தார். இம்மூவரில் எவரும் கேள்வித்தாளில் பெற்ற தரத்தைக் கொண்டு துறை எடுக்கவில்லை. நமக்கு அந்த வசதி இல்லை என்பதை ஒப்புக்கொண்டு மேலே செல்வோம்.

தரவரிசை என்னும் சுவரைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் 1952 முதல், மாணவரின் விருப்பப் பட்டியலையும் மருத்துவமனைகளின் விருப்பப் பட்டியலையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்கும் முறை உண்டு. பொருத்தம் பார்த்துத் திருமணம் முடிப்பது போலத்தான். 1962இல் கேல், ஷாப்லி என்ற இரு கணித அறிஞர்கள், ஆணும் பெண்ணும் மணம் பொருந்தும் கணக்கு என்றே வேடிக்கையாகப் பெயர் சூட்டி இத்தகைய முறையை ஆராய்ந்தனர். பின்னர் ராத் என்பவர் அதை மருத்துவச் சேர்க்கையோடு இணைத்துக் காட்டினார். ஷாப்லிக்கும் ராத்துக்கும் 2012இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டு முறை இதனினும் எளியது: தரத்தில் முன்னிற்பவர் தாம் கேட்டதில் மிச்சமிருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறார், பிறகு அடுத்தவர். இரண்டு முறையிலும் மாணவனுக்குக் கணிதம் சொல்லும் புத்தி ஒன்றே. கிடைக்குமா கிடைக்காதா என்று ஊகித்துப் பட்டியலைக் குழப்பாதே. உண்மையில் விரும்புவதை விரும்பும் வரிசையிலேயே எழுது. மேலே எழுதியது கிடைக்காவிட்டால் அதனால் கீழே உள்ளது பறிபோகாது. என் வகுப்பில் மூவர், "இதெல்லாம் நமக்கெங்கே கிடைக்கும்" என்று விரும்பிய இடத்தை எழுதாமலே விட்டனர். தம்மினும் பின்தரத்தார் அவ்விடங்களைப் பெற்றதைப் பட்டியலில் பார்த்து நின்றனர். சுற்றுக்குச் சுற்று இடத்தை விடுவது, வைத்துக்கொள்வது பற்றிய விதிகள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பவை. அவற்றை அவ்வாண்டு அறிவிப்பில் எழுத்தெண்ணிப் படித்துக்கொள்ளுங்கள்.

என் பட்டியலைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று தயங்கினேன். எழுதாவிட்டால் மேலே சொன்னது உபதேசமாகப் போய்விடும்.

என் படிப்புக்குப் பணம் கட்டியது என் அக்கா. விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூரில் வேலை செய்து இரவு திரும்பும் ஆயிரக்கணக்கானவரில் ஒருத்தி. என் தரத்துக்கு இரண்டாம் சுற்றில் கதிரியல் கிடைக்கலாம் என்ற நிலை. அக்காவுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. "எக்ஸ்-ரே டாக்டரா ஆயிடு தம்பி. ராத்திரி வேலை கிடையாதாம், பணமும் வருமாம். எனக்கும் இந்த ரயிலு போதும்" என்றாள். இதற்கு என்ன விடை சொல்வது? எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் அதற்கு விடை இல்லை.

ஆனால் அந்த ஆண்டில் வேறொன்று நடந்திருந்தது. சுரங்கம் மூடும்வரை பதினாறு ஆண்டுகள் அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர் என் அப்பா. ஏழெட்டு ஆண்டுகளாக இருமல். வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு மருத்துவர்கள், சளியில் கிருமி இல்லாதபோதும், காசநோய் என்று மூன்று முறை மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். எந்தச் சீட்டிலும் அவர் என்ன தொழில் செய்தார் என்ற வரி இல்லை. அவரவர் அவசரத்தில் யாரும் கேட்கவில்லை. மகனான நானும் கேட்கவில்லை; எனக்குத்தான் தெரியுமே என்றிருந்தேன். மார்பு நோய்ப் பிரிவில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒருநாள் அவருடைய பழைய படங்களை எல்லாம் வரிசையாக ஒளிப்பெட்டியில் மாட்டினேன். மேற்பாகத்தில் தினை அளவு நிழல்கள். கடைசிப் படத்தில் முட்டை ஓட்டு வளையம். பாட நூலில் போட்டிருப்பது போலவே இருந்தது. என் பேராசிரியர் பின்னால் வந்து நின்று, "இவர் எந்தச் சுரங்கம்?" என்று கேட்டார். பெயரையோ வயதையோ கேட்கவில்லை. சுரங்கத்தைக் கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. கதிரியல் எடுத்தாலும் அந்த நிழலைப் படிக்கலாமே என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். அது சரியான வாதம்தான். ஆனால் படத்தைப் பார்த்த அன்று நான் அடுத்து விரும்பியது இன்னொரு படத்தைப் பார்ப்பதன்று; அப்பாவை எழுந்து நடக்கச் சொல்லி, எத்தனை அடியில் நிற்கிறார் என்று எண்ணிப் பார்ப்பதுதான். பட்டியலில் மார்பு நோய் மருத்துவத்தை முதலிலும் கதிரியலை இரண்டாவதாகவும் எழுதினேன். முதலில் எழுதியது கிடைத்தது.

அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவள் கோபம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். இரவு டியூட்டியில் மூன்றாவது நாளாகக் கண் எரியும்போது, கதிரியலில் சேர்ந்த நண்பன் வீட்டுக்குப் போய்விட்டான் என்பதும் நினைவுக்கு வராமலில்லை. பொய் சொல்வானேன்?

எங்கள் ஊரில் தேசியச் சுரங்கத் தொழிலாளர் நல நிறுவனம் என ஒன்று 1990இல் பதிவாயிற்று. அதன் மைய ஆய்வுக்கூடம் நாகபுரியில். 2019இல் அதை அகமதாபாத்தில் உள்ள தொழில் நல நிறுவனத்தோடு இணைக்க அரசு முடிவு செய்தது. சுரங்கமும் இல்லை; ஆனால் சுரங்கத்தில் வேலை செய்த நெஞ்சுகள் லைன் வீடுகளில் இருக்கின்றன. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் திண்ணையில் நாலைந்து பேர் பழைய எக்ஸ்-ரே உறைகளோடு காத்திருக்கிறார்கள். என்ன வேலை, எந்தச் சுரங்கம், எத்தனை ஆண்டு, துளை போட்டவரா, வண்டி தள்ளியவரா என்று முதலில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறேன். பிறகுதான் படத்தை வெளிச்சத்தில் பிடிக்கிறேன்.

அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். "அப்படின்னா இதுக்கு மாத்திரை?" என்றார். தழும்பை மாற்ற மாத்திரை இல்லை என்றேன். பீடியை விடவேண்டும், காசநோய் வருகிறதா என்று தவறாமல் பார்க்கவேண்டும், தடுப்பூசிகள் போட்டுக்கொள்ளவேண்டும், மூச்சுப் பயிற்சி செய்யவேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "காசம் இல்லன்னு எழுதிக் குடுப்பியா? உங்கம்மா இன்னும் என் தட்டைத் தனியா கழுவுறா" என்றார்.

எழுதிக் கொடுத்தேன்.